மாலுமி கிளம்பும் பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

தொண்டைக் கரகரப்பு இன்னும் போகவில்லை. வெந்நீர், உப்பு, மௌனம் என்று காலையிலிருந்து வைத்தியம். மௌனம்தான் எனக்குக் கஷ்டம்.

மாலைக் காட்சியில் மாலுமி ஒரு அடியை அப்படியே விட்டுவிட்டார். பதினாறு வருஷமாகப் பாடுகிற பாட்டு. நான் அந்த அடியை எடுத்துப் பாடிச் சமாளித்தேன். கீபோர்டு மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். திரைக்குப் பின்னால் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன, ஐயாவோட ஞாபகம் எங்க மேயப் போச்சு?"

அவர் சிரிக்கவில்லை. "எந்த அடி?" என்றார்.

இந்த நோட்டில் அவருக்குப் பேர் கிடையாது என்று விவாகரத்தான அன்றே முடிவு பண்ணியாகிவிட்டது. நாடகத்தில் அவர் மாலுமி, நான் மாலுமியின் மனைவி. மேடையை விட்டு இறங்கினால் நான் முன்னாள் மனைவி. தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் பதவி உயர்வு.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு காட்சி. பகல் காட்சி ஒழுங்காகப் போனது. மாலையில் மறுபடியும். இந்த முறை ஒரு அடி இல்லை, முழுச் சரணமும் போச்சு. மாஸ்டர் கெட்டிக்காரர், அதே துண்டு இசையைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருந்தார், மாலுமி எங்கேயாவது ஏறிக்கொள்ளட்டும் என்று. அவர் ஏறவே இல்லை. வழி கேட்கிற ஆள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் பாட வேண்டியதை நான் கேள்வியாக மாற்றி, "அலை கூப்பிடுதுன்னு சொல்லப்போறியா?" என்று பாடினேன். தலையை ஆட்டினார். கைதட்டல். ஜனங்களுக்கு எல்லாமே நடிப்புதான்.

குடித்திருக்கிறாரோ? கிட்டே போய் மோந்துகூடப் பார்த்தேன். பவுடர் வாசனைதான் வந்தது.

மார்ச் 9, திங்கள்

விடுமுறை. தலைக்குச் சாயம் பூசி, பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. திறந்தால் தையற்காரி.

எங்கள் கம்பெனியில் உடை தைத்துக்கொண்டிருந்தவள். என் இடுப்பளவு, தோளளவு எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள், ஒருநாள் என் புருஷனையும் அளவெடுத்துக் கொண்டுபோய்விட்டாள். பதினோரு வருஷமாகிறது. கம்பெனியை விட்டு நின்று, வீட்டிலேயே கடை போட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் என் வாசலை மிதித்ததில்லை. மிதித்திருந்தால் காலை உடைத்திருப்பேன்.

"அக்கா, உள்ள வரலாமா?"

அக்காவாம். வாய் வரைக்கும் ஒன்று வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டாராம், மாலுமிக்கு மறதி நோய் என்று. மருந்து கொஞ்சம் தள்ளிப் போடும், போனதைத் திருப்பிக் கொடுக்காது. "பின்னாடியிருந்து அழிஞ்சுட்டே போகுதுக்கா. நேத்து நடந்தது முதல்ல, அப்புறம் போன வருஷம், அதுக்கும் முந்தி..." நேற்றுக் காலையில் இவளைப் பார்த்து, "தையக்காரம்மா, எப்ப வந்தீங்க? கோட்டு தோள்ல பிடிக்குது, கொஞ்சம் பிரிச்சு விடுங்க" என்று கேட்டாராம். சரி என்று உட்கார்ந்து பிரித்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். "முதலாளிகிட்ட சொல்லிடாதீங்கக்கா. மேடையில நிக்கும்போது மட்டும்தான் அவரு அவரா இருக்காரு. அதையும் பிடுங்கிட்டா ஒரேயடியா படுத்துடுவாரு. நீங்க கொஞ்சம் தாங்கிப் பிடிச்சீங்கன்னா..."

நான் தாங்கிப் பிடிக்கணுமாம். என்கிட்ட வந்து கேக்குறா. என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்?

டீ போட்டுக் கொடுத்தேன். சரி என்று எப்போது சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சாயத்தை நேரத்தோடு கழுவாமல் விட்டதில் நெற்றியெல்லாம் கறுப்பு.

மார்ச் 10, செவ்வாய்

மாஸ்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "தாளம் தப்பலம்மா, வார்த்தைதான் தப்புது. தாளம் இருக்கிற வரைக்கும் ஓட்டிடலாம்" என்றார். மாஸ்டர் இசையைச் சுற்றிக்கொண்டே இருப்பார், நான் வரியை எடுத்துக்கொள்வேன். அதுதான் ஏற்பாடு.

மார்ச் 20, வெள்ளி

பத்திரிகையில் விமர்சனம். ஒப்பனை அறையில் எல்லோரும் படித்துவிட்டு, நான் நுழைந்ததும் மடித்து வைத்தார்கள். கேட்டு வாங்கிப் படித்தேன். கூட நடிப்பவருக்கு மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் அவர் வரிகளையும் நானே விழுங்குகிறேனாம். வயது ஏற ஏற மேடைப் பசியும் ஏறுகிறதாம்.

பத்தொன்பது வயதில் கூட்டுப் பாட்டில் கடைசி வரிசையில் நின்றவள் நான். முன்வரிசைக்காரி ஒருத்திக்கு ஒருநாள் விக்கல் எடுத்தபோதுகூட அவள் வரியை நான் தொட்டதில்லை. கூடப் பாடுகிறவரை நிமிர்ந்து நிற்க வைப்பவள் என்றுதான் எனக்குப் பேர். குரல் நல்ல குரல் என்று ஆயிரம் பேருக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேர்தான் பெரிசு. ஒரு பத்தியில் போய்விட்டது.

முதலாளி கூப்பிட்டு, "ஏம்மா, அவரையும் கொஞ்சம் பாட விடேன்" என்றார். "சரிங்க" என்றேன்.

மார்ச் 21, சனி

அழவில்லை. அழுதால் தொண்டை கட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாலைக் காட்சி முடிந்து பின்வாசலுக்கு வந்தால் மாலுமி என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். "என்ன இவ்ளோ நேரம்? பஸ்ஸு போயிடும், வா." மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோமே, அந்த வீட்டுக்குத்தான் கிளம்புகிறார். அங்கே இப்போது ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

எதிர்ப்பக்கம் தையற்காரி நின்றுகொண்டிருந்தாள். அவரைக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. கூட நடந்தேன். வண்டி போகிற பக்கம் அவர், ஓரமாக நான். பழைய பழக்கம். முழங்கால் வலி என்றார், மாஸ்டருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றார்.

"வீட்டுல பால் இருக்கா?"

"இருக்கு."

ஏன் இருக்குன்னு சொன்னேன்? யாரைக் கேட்டு சொன்னேன்?

இந்த ஆள் என்றைக்காவது திரும்பி வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று பதினோரு வருஷமாக வசனம் எழுதி வைத்திருக்கிறேன். குளிக்கும்போது ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை. அவர் திரும்பி வரவில்லை. அவர் கணக்கில் இன்னும் கிளம்பவே இல்லை. கிளம்பாத மனுஷனிடம் ஏன் போனாய் என்று எப்படிக் கேட்பது?

பஸ் நிறுத்தத்தில், பின்னாலேயே வந்த தையற்காரியிடம் அவர் கையைக் கொடுத்தேன். அவர் மரியாதையாக ஒதுங்கி நின்று, "நீங்களும் இந்தப் பக்கம்தானா?" என்றார்.

"ஆமா சார். ஒரே வழிதான்" என்றாள் அவள்.

பெண்டாட்டி புருஷனை சார் என்கிறாள். அவளுக்காக எனக்கு வயிறு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 18, சனி

மணி இரண்டு, தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வருமோ என்னவோ.

முதல் பாதியின் கடைசிப் பாட்டு. மாலுமி கிளம்பும் பாட்டு. அவர் விடை கேட்பார், நான் பதில் பாடுவேன், அவர் பையை எடுத்துக்கொண்டு கதவு வழியாகப் போவார். கதவு சாத்தியதும் நான் ஜன்னலோரம் நின்று கடைசிப் பகுதியைத் தனியாகப் பாட, திரை விழும். பதினாறு வருஷமாக இதுதான்.

இன்று பையை எடுத்தார். கதவு வரைக்கும் போனார். பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் சுற்ற ஆரம்பித்தார். நான் குனிந்து மெதுவாக, "கிளம்புங்க" என்றேன்.

"எதுக்கு? உன்னை விட்டுட்டு நான் எங்க போறது?"

மைக்கில் கணீரென்று விழுந்தது. யாரோ ஒரு அம்மா விசும்பினாள்.

அன்றைக்கு, நிஜமாகவே போன அன்றைக்கு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போன ஆள் இவர். அன்றைக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். நான் வேற எதுவும் கேட்டிருக்க மாட்டேன். இப்ப சொல்றார். டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க எல்லாரும் கேக்க சொல்றார். நான் என்ன பண்ணணும்? எழுப்பி அனுப்பணும். பாட்டு முடியணுமே.

கையைப் பிடித்து எழுப்பினேன். அவர் வரிகளையும் என் வரிகளையும் நானே பாடினேன். பையைக் கையில் திணித்தேன். கதவைத் திறந்து முதுகில் கை வைத்துத் தள்ளினேன். கோட்டுக்கு உள்ளே எலும்புதான் இருந்தது. கதவுக்குப் பின்னால் இப்போதெல்லாம் தினமும் தையற்காரி நிற்கிறாள், அவள் பிடித்துக்கொண்டாள். சாத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்று மிச்சத்தைப் பாடினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நானே அனுப்பிட்டேன். போகலைன்னு உட்கார்ந்தவரை நானே தள்ளி அனுப்பிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முதலாளி கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தத்தான் வேணும். தெரியாம மேடை ஓரத்துல கால் வச்சு விழுந்தார்னா யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதில் தப்பில்லை. நான் எழுந்து வரும்போது, "பேப்பர்ல அப்படி எழுதினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம் நீ" என்றார்.

செவ்வாயிலிருந்து புது ஆள்.

தையற்காரிக்கு நானே போனில் சொன்னேன். "நீங்க உங்களால ஆனதைப் பண்ணிட்டீங்கக்கா" என்றாள்.

மே 15, வெள்ளி

புது மாலுமி நல்ல பையன். குரல் கணீர். ஒரு அடி பிசகுவதில்லை. எந்தத் தாளத் தட்டில் பையை எடுக்க வேண்டுமோ அந்தத் தட்டில் எடுக்கிறான், கதவு சொல்லி வைத்தாற்போல் சாத்துகிறது. நானும் ஜன்னலோரம் போய்ப் பாடிவிட்டு வருகிறேன். உச்சி சுரம் கச்சிதமாக நிற்கிறது. எனக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. பல் தேய்க்கிற மாதிரி இருக்கிறது.

அதே பத்திரிகை அதே விமர்சகரை மறுபடி அனுப்பியிருக்கிறது. நான் இப்போது அடக்கமாக நடிக்கிறேனாம். பாராட்டுகிறார். நாசமாய்ப் போக.

ஜூன் 2, செவ்வாய்

தையற்காரி போன் பண்ணினாள். பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டதாம். "ஆனா பாடுறாருக்கா. அவரு பாட்டு இல்ல. உங்க பாட்டு."

ஜூன் 8, திங்கள்

போனேன்.

மூன்றாவது மாடி. கூடத்தில் தையல் மெஷின், கொடி நிறையப் பாதி தைத்த துணிகள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அவர். நன்றாக முகம் மழித்து விட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லிவிட்டுத் துணிகளைக் கை காட்டினார். தைக்கக் கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். ஆக, நானும் அழிந்துவிட்டேன். இது வரும் என்று தெரியும். தெரிந்திருந்தும், கொடியிலிருந்த ஒரு துணியை எடுத்துத் தையல் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆரம்பித்தார். மாலுமி கிளம்பும் பாட்டு, ஆனால் மனைவியின் வரிகள். வரிக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் நான் எந்த இடத்தில் திருட்டு மூச்சு வாங்குவேனோ அந்த இடத்தில் மூச்சு. கதவு சாத்தியதும் இவர் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கதவுக்குப் பின்னாலேயே நின்று கேட்டிருக்கிறார்.

மாலுமி பாட வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"இங்கதான்க்கா நின்னுடுவாரு. அப்புறம் நாள் முழுக்க வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாரு. சோறுகூட இறங்காது."

நான் மாலுமியின் வரியை எடுத்தேன். "அலை கூப்பிடுது, போயிட்டு வரட்டுமா?"

அவர் முகம் மலர்ந்தது. "கதவு தொறந்துதான் இருக்கு, உன் காலைத்தான் கேளு" என்று பதில் பாடினார்.

ஒரு வரி விடாமல் பாடினோம். முடிகிற இடத்தில் மாலுமி போயாக வேண்டும். என் கைப்பையை எடுத்துக்கொண்டேன். தையற்காரியைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்தது, எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாள். நான் வெளியே வந்ததும் சாத்தினாள்.

படிக்கட்டில் நின்றுவிட்டேன். உள்ளே கடைசிப் பகுதியை அவர் தனியாகப் பாடினார். ஒரு வார்த்தை தப்பவில்லை. கடைசி அடியை நான் கொஞ்சம் இழுப்பேன், அவரும் இழுத்தார். அப்புறம் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, "மெதுவா" என்று அவள் சொல்வது கேட்டது. அவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்த பிறகு படி இறங்கினேன்.