காற்சட்டை பற்றி ஒன்றும் எழுதவில்லை

மச்சான்,

இன்று காலை எங்கள் குசினி முழுக்கச் சப்பாத்துப் பொலிஷ் மணம். மகன் மேசையில் பழைய பேப்பரை விரித்து, தன் கறுப்புச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வேலைத்தலத்து நண்பர்களோடு எங்கேயோ ஒரு பழங்காலக் கசினோவுக்குப் போகிறானாம். தேத்தண்ணிக் கோப்பையில் போனைச் சாய்த்துவைத்து, அங்கே என்ன உடுத்திப் போவது, உள்ளே எப்படி நடந்துகொள்வது என்று வாசித்தபடியே தேய்த்தான்.

"கோட் வேணுமாம் அப்பா. டை இப்ப கட்டாயமில்லையாம். உங்களுக்கு உதுகள் தெரியாது என்ன?"

"எனக்கோ? நான் தொண்ணூறுகளிலையே போனனான்."

"நீங்களோ? கசினோவுக்கோ?"

"வாசல் மட்டும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கவில்லை, நீ வந்து நின்றாய். அந்தப் பொலிஷ் மணத்துக்குள் நீ மட்டுமா இருக்கிறாய், என் மானமும் அல்லவா இருக்கிறது. மகனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். நீ சொல்லும்போது என் பங்கைக் கூட்டிச் சொல்வாய். இந்தமுறை நான் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

நீ மன்னார்க்காரன், எதற்கெடுத்தாலும் மாதாவுக்கு நேர்த்தி வைப்பவன். நான் யாழ்ப்பாணத்துச் சைவம். எட்டாம் வகுப்போடு நானும் படிப்பும் சண்டையில்லாமல் பிரிந்துகொண்டவர்கள். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரே பாண் தொழிற்சாலையில், தலையில் வலைத்தொப்பியோடு ஒரே அடுப்பு வரிசையில் நின்றோம். ஜெர்மன் மொழியில் உன்னைவிட எனக்குப் பத்துச் சொல் கூடத் தெரியும். அந்தப் பத்துச் சொல்லை வைத்து, நம்மிருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியை எனக்கு நானே கொடுத்திருந்தேன்.

ஒரு வருடம் ஓகஸ்ட் மாதம் நீ கேவலார் மாதாவின் திருவிழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போய்வந்தாய். திரும்பும்போது ஸ்டேஷனில் உன் மகள் ஜெனியின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டுபேர் கண்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை அவள் அழுதுகொண்டு வந்தாள். "உன் அப்பா யன்னல் சீலையைக் கட்டிக்கொண்டு திரிகிறார்" என்று வகுப்பே சொல்லிச் சிரித்ததாம். அவளுக்கு அப்போது எட்டு வயது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது அவள் உன் கையைப் பிடிக்கவில்லை. பத்தடி முன்னே நடந்தாள், யாரோ வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி. நானே ஒருநாள் பார்த்தேன். பார்க்காததுபோல் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் இடைவேளையில் நீ பாணைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே இருந்தாய்.

"உந்த வேட்டியோட ஒரு நல்ல இடத்துக்கும் போகேலாதாம் மச்சான். ஒருத்தரும் உள்ளை விடமாட்டினமாம். பெட்டை சொல்லுறாள்."

"ஒரு காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போவன். என்ன குறைஞ்சுபோச்சு?"

"இண்டைக்கு வேட்டிக்கு வெக்கப்படுறாள். நாளைக்கு என்ரை கதைக்கு வெக்கப்படுவாள். அதுக்குப் பிறகு எனக்கே வெக்கப்படுவாள். நான் இதிலையே மறிக்கப்போறன்." பிறகு பாணைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாய்: "இந்த நாட்டிலை உடுப்பைப் பார்த்து ஆளை உள்ளை விடுற ஆகக் கண்டிப்பான இடம் எது?"

நான் தொலைக்காட்சியில் பார்த்த பெருமையில் சொல்லித் தொலைத்தேன். கோமகன்களும் சீமாட்டிகளும் வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்த ஊர்களில் பெரிய பெரிய கசினோக்கள் இருக்கின்றன, கோட்டும் டையும் இல்லாவிட்டால் மந்திரியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று.

"அங்கை போறம்."

"விசரே உனக்கு? அது சூதாடுற இடம். உன்ரை மாதா என்ன சொல்லுவா?"

"நான் சூதாடப் போகேல்லை. வேட்டியோட உள்ளை போய் வேட்டியோட வெளியிலை வருவன். என்ரை பிள்ளை பார்க்கோணும்."

அந்த வருடம்தான் நமக்கு அகதிகளுக்கான நீலநிறப் பயணப் புத்தகம் கிடைத்திருந்தது. அதுவரை மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கும் ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும். இனிக் கேட்பாரில்லை என்ற துணிவில் நானும் தலையாட்டினேன். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, அவற்றில் ஒரு கசினோவுக்கு அழைத்து விதிகளைக் கேட்டேன். நான் கேட்டது அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நல்லகாலம், என் விலாசம் மட்டும் அவர்களுக்கு விளங்கியது. விதிகள் அச்சடித்த ஒரு தாள் தபாலில் வந்தது.

அந்தத் தாளை நீ அகராதியை வைத்து இரண்டு நாள் வாசித்தாய். வேதாகமத்தைக்கூட நீ அப்படி வாசித்து நான் காணவில்லை. ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். கொண்டுவராதவர்கள் உடுப்புக் காப்பறையில் இரவல் வாங்கலாம். ஜீன்ஸ் கூடாது. விளையாட்டுச் சப்பாத்து கூடாது. அடையாளப் புத்தகம் வேண்டும். சிறுவர்களுக்கு அனுமதியில்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"டேய், இதிலை காற்சட்டை எண்டு எங்கையாவது இருக்கோ பார்."

பார்த்தேன். இல்லை.

"அப்ப சரி," என்றாய். ஒரு பிரக்கிராசி வழக்கை வென்றுவிட்ட மாதிரி அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் மனைவிக்கு வேலை முறை, நாம் மூவரும் ரயில் ஏறினோம். ஐந்துபேர் வரை போகக்கூடிய அந்த வார இறுதிச் சீட்டு நினைவிருக்கிறதா? மெதுவான ரயிலில் மட்டும்தான் செல்லும். எல்லா ஸ்டேஷனுக்கும் மரியாதை செய்துகொண்டு போகும். நீ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, பழஞ்சந்தையில் வாங்கிய கறுப்புக் கோட், மினுக்கிய தோல் சப்பாத்து. பழைய காலத்தில் ஊரை ஆண்ட விதானைமார் மாதிரி இருந்தாய். ஜெனி நமக்கு எதிரே இருக்காமல் அடுத்த வரிசையில் போய் இருந்தாள். பூங்காவில் நீரூற்றுப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம்.

இனி என் அலங்காரம். கோட் என் மனைவியின் தமையனுடையது, அதற்குள் என்னைப்போல் இன்னொருவன் தாராளமாக இருக்கலாம். டை சரி. சப்பாத்துத்தான் சிக்கல். தோல் சப்பாத்தின் அடி வாய் பிளந்துவிட்டது. மிச்சம் இருந்தது பக்கத்தில் கோடு போட்ட வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து. கறுப்பென்றால் கறுப்புத்தானே என்று முதல்நாள் ஒரு தகரம் பொலிஷ் முழுவதையும் அதற்குத் தீற்றிவிட்டேன். உலகத்தில் எவனும் கண்டுபிடிக்கமாட்டான் என்று உன்னிடம் சத்தியம் வேறு பண்ணினேன். நீ குனிந்து பார்த்து, "பன்றிக்குப் பவுடர் போட்ட மாதிரிக் கிடக்கு," என்றாய்.

ரயிலால் இறங்கும்போது மழை தூறியது. பூங்காவுக்குள்ளால் நடந்தோம். வெள்ளை மாளிகை, வரிசையாகத் தூண்கள், அகலமான படி. ஜெனியைப் படிக்கு எதிரே, மரத்தடியில் கிடந்த நீள வாங்கில் குடையோடு இருத்தி, "ஒரு நிமிஷம், அப்பாவும் மாமாவும் உள்ளை போட்டு வாறம்," என்றாய். அவள் உன் வேட்டியைப் பார்த்தாள், மாளிகையைப் பார்த்தாள். "அப்பா, வேண்டாம்," என்றாள். அழப்போகிற குரல். நீ அவளுடைய தலையைத் தடவிவிட்டுத் திரும்பி நடந்தாய்.

கதவைத் திறந்தால் சலவைக்கல் தரை. வரவேற்பு மேசையில் நின்ற இளைஞன் நம் பயணப் புத்தகங்களை வாங்கினான். உன்னை மேலிருந்து கீழே பார்த்தான். இடுப்புவரை அவன் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. இடுப்புக்குக் கீழே போனதும் கண் அங்கேயே நின்றுவிட்டது. மன்னிக்க வேண்டும், இந்த உடுப்போடு ஏலாது என்றான். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டி என்னை மறித்தாய். தாளை எடுத்து விரித்து, உனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய்.

"கோட், இருக்கு. டை, இருக்கு. சப்பாத்து, தோல். ஜீன்ஸ், இல்லை. காற்சட்டை, எங்கே எழுதியிருக்கு?"

அவன் தாளை வாசித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தான், பாவம். பிறகு உள்ளே போய், வெள்ளைத் தலையும் வால் வைத்த கறுப்புக் கோட்டுமாக ஒரு முதியவரைக் கூட்டிவந்தான். முதியவரும் தாளை வாசித்தார். நமக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ இருமினார்கள். நான் உன் கோட்டைப் பிடித்து, "வா மச்சான், போவம், காணும்," என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்கள் நாட்டில் இதை எப்போது அணிவீர்கள்?" என்று முதியவர் கேட்டார்.

"நான் கலியாணம் கட்டினது இதோட," என்றாய். "செத்தாலும் இதோட."

அவர் தாளை மடித்து உன்னிடம் நீட்டினார். பிறகு அந்த இளைஞனுக்குத் தலையசைத்தார். உன் பெயரும் திகதியும் எழுதிய நுழைவுச் சீட்டை அவரே இரண்டு கையாலும் தந்தார். "தயவுசெய்து, ஐயா," என்றார். நம்மை இந்த நாட்டில் அதுவரை யாரும் அந்தத் தொனியில் ஐயா என்றதில்லை.

நான் உன் பின்னால் காலை எடுத்து வைத்தேன்.

"நீங்கள் இல்லை," என்றார் முதியவர்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். வாசலில் இருந்து மேசைவரை அந்த வெள்ளைக் கல்லில் என் காலடிகள் கறுப்புக் கறுப்பாக வரிசையாகக் கிடந்தன. மழையில் பொலிஷ் கரைந்து, சப்பாத்தின் பக்கத்தில் கோடுகள் அழகாகத் தெரிந்தன. நீ உள்வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாய். சிரிப்பை அடக்கி அடக்கி உன் தோள் குலுங்கியது. துரோகி! பிறகு உள்ளே போய்விட்டாய்.

நான் வெளியே வந்தேன். ஜெனி குடையோடு ஓடிவந்தாள்.

"மாமா, அப்பா எங்கை?"

"உள்ளை."

"உதோடையோ?"

"உதோடைதான். ஐயா எண்டு கூப்பிட்டு விட்டவங்கள்."

"அப்ப நீங்கள் ஏன் வெளியிலை?"

"என்னைத் துரத்திப்போட்டாங்கள்."

அவள் என் பெரிய கோட்டைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார். அந்தச் சிரிப்புக்காக இன்னொருதரம் துரத்தப்பட்டாலும் பரவாயில்லை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அப்படி இருக்கவில்லை. அப்போது எனக்கு உன்மேல் கோபம்.

அரைமணி நேரத்தில் நீ வந்தாய். மழை விட்டிருந்தது. படியால் நீ இறங்க, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு சோடி ஒதுங்கி வழிவிட்டது. ஜெனி எழுந்து நின்று பார்த்தாள்.

ரயிலில் கேட்டேன், உள்ளே எப்படி என்று.

"கோயில் மாதிரி மச்சான். ஒருத்தரும் சத்தம் போடேல்லை. தலைக்கு மேலை விளக்குக் கொத்து. பச்சைச் சீலை விரிச்ச மேசை. ஒரு சின்னக் குண்டு சுத்திற சத்தம் மட்டும் கேக்கும். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு சந்தோசமில்லாமல் நிக்கினம்."

"உன்னைப் பார்க்கேல்லையோ?"

"முதல் பார்த்தவை. பிறகு குண்டைப் பார்த்தவை. ஒரு கிழவிதான் கிட்ட வந்து, உதுக்குள்ளை காத்து வருமோ எண்டு கேட்டவ. நல்லா வரும் எண்டனான். தனக்கு இந்த நைலோன் உறைக்குள்ளை கால் அவியுதாம்."

இந்தமுறை ஜெனி உன் பக்கத்தில் இருந்தாள். கேல்ன் நகரம் வந்ததும் அந்த நுழைவுச் சீட்டைக் கேட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

"எங்கட வகுப்பிலை ஒருத்தற்றை அப்பாவும் உதுக்குள்ளை போயிருக்கமாட்டார்," என்றாள். சீட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்கு வரேக்கை காற்சட்டை போடுங்கோ அப்பா. கோயிலுக்கு உதோட வாங்கோ. நான் பக்கத்திலை நடப்பன்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய வழக்கை வென்று அரைத் தீர்ப்புத்தானா என்று. நீயோ யன்னலுக்கு வெளியே ரைன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "அது காணும்," என்றாய்.

நீ எங்களை விட்டுப் போன மாசிமாதம் ஜெனிதான் எனக்குத் தொலைபேசினாள். இப்போது அவளுக்கும் ஒரு பிள்ளை. "மாமா, அப்பாவுக்கு நான்தான் வேட்டி கட்டிவிட்டனான். நீங்கள் நல்லா மூடிக்கட்டிக்கொண்டு வாங்கோ, சரியான குளிர்," என்றாள்.

ஒன்றை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. அன்று மேசைக்கு முன்னால் உன் கோட்டைப் பிடித்து இழுத்தது உனக்காக அல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது, உன்னோடு நிற்பதற்கு. ஜெனிக்கு எட்டு வயது, எனக்கு முப்பத்தாறு.

உன் அடக்கத்துக்கு நான் வேட்டி கட்டினேன். இந்த நாட்டில் வீட்டுக்கு வெளியே முதல்தடவை. மனைவி உள்ளே கம்பளிக் காலுறை போடச் சொன்னாள், போட்டேன். வீரத்துக்கும் ஒரு வயது இருக்கிறது. மகன் காரில் ஏற்றிப்போகிறேன் என்றான். வேண்டாமென்று ட்ராமில் போனேன். பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். மூன்றாவது தரிப்பில் ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் போனைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் வேட்டியை விடவில்லை. உன் துணிச்சல் உன்னோடு போய்விட்டது. எனக்கு வாய்த்தது காலம் கடந்த பிடிவாதம்தான். அதை வைத்துக்கொண்டு பாண் வாங்கப் போகிறேன், டொக்டரிடம் போகிறேன். போன கிழமை மரக்கறிக் கடைத் துருக்கிக்காரர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே என் வேட்டியைப் பார்த்து, "என்ன, இன்றைக்கு உங்களுக்குத் திருவிழாவா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "வெறும் வியாழக்கிழமை."