மடித்து வரைந்த குடம்

ஜூலை 12, சனி
காலையிலிருந்தே புழுக்கம். மாவு அரைக்கணும். கேஸ் புக் பண்ணணும். செங்கல்பட்டு வந்து ஒரு மாதம், இன்னும் இரண்டு பெட்டி பிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘ஓவிய வகுப்பு’ போர்டு. தைரியமாக மாடி ஏறினேன். வாத்தியார் என் பின்னால் எட்டிப் பார்த்தார். “பாப்பா எங்கம்மா? கீய நிக்குதா?”

சேர வந்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. “நாளைக்குக் கூட்டிட்டு வரேன்.” ஒரே ஓட்டம். என் பாப்பா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வெட்கக்கேடு.

ஜூலை 15, செவ்வாய்
ஏதாவது கிளாஸ் போகட்டுமா என்று வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். “போயேன். பிளவுஸ்ல மணி வச்சுத் தைக்கிறாங்களே, அந்த ஆரி ஒர்க் கத்துக்க. உன் தையலுக்கு ஆகும்.”

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்? படம் வரையணும் என்றால் திட்டமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். ஊருக்கெல்லாம் தைத்தாயிற்று. எனக்கே எனக்கென்று ஒன்று வேண்டும். இங்கே மட்டும்தான் எழுத முடிகிறது.

பக்கத்து வீட்டு மும்தாஜிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். “மாமல்லபுரத்துல ஒருத்தங்க பெரியவங்களுக்கே படம் வரைய சொல்லித் தராங்கக்கா. திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ஸு கீது. இன்னாத்துக்கு பயந்துகினு கீற?”

ஜூலை 19, சனி
நாளை மாமல்லபுரத்தில் முதல் வகுப்பு. பென்சில், ரப்பர், ஷீட், தண்ணீர் பாட்டில். பழக்கத்தில் இஞ்ச் டேப்பையும் வைத்து, பிறகு வெளியே எடுத்துப் போட்டேன். அவரிடம் ஆரி கிளாஸ் என்றே சொல்லியிருக்கிறேன். ஊசி எங்கே என்று கேட்டால்?

ஜூலை 20, ஞாயிறு
கடல் காற்று. ஷீட் மேல் செருப்பு, போன், எதை வைத்தாலும் பறக்கிறது. வாத்தியாரம்மா என்னைவிடச் சின்னவள். நடுவில் ஒரு பழைய அலுமினியக் குடம். பார்த்து வரையச் சொன்னாள்.

கை தானாக ஷீட்டை நடுவில் மடித்தது. பிளவுஸுக்குத் துணியை மடித்துப் பாதிதானே போடுவோம்? பாதிக் குடம் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ரிட்டயர்டு சாரிடம் கத்தரிக்கோல் கேட்டேன். சிரித்துவிட்டார். அங்கேயே செத்தேன். எழுந்து போய்விடலாமா என்று பையைக்கூட எடுத்துவிட்டேன்.

வாத்தியாரம்மா ஷீட்டை வெட்டிப் பிரித்துக் குடத்தின் பக்கத்தில் பிடித்தாள். “இன்னாக்கா, கடையில வாங்கின புதுக் கொடம் மாரி கீது. நெசக் கொடத்தப் பாரு, இந்தப் பக்கம் நசுங்கிகீது. ரெண்டு பக்கமும் ஒண்ணாவா கீது?”

இல்லை.

“மடிக்காத. கண்ணு இன்னா பாக்குதோ அத்தப் போடு.”

வேறு ஷீட்டில் அந்த நசுங்கலைப் போட எத்தனை தடவை அழித்தேனோ. வந்தது! பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீடு நெருங்க நெருங்க பழைய பயம். ஷீட் பீரோவில், புடவைக்கு அடியில்.

ஜூலை 26, சனி
தூறல். துணி காயவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். இடது புருவம் வலதைவிட மேலே. உதடு ஒரு பக்கம் இறக்கம். இத்தனை வருஷத்தில் கவனித்ததே இல்லை.

மூக்கு முடிவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். என்னைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார். “ஆரி கிளாஸ்ல இதையா சொல்லித் தராங்க?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“ஆடாதீங்க,” என்றேன். “இன்னும் காது பாக்கி.”