சம்பந்தி வீட்டுக்குப் போன பதிவுத் தபால்

கம்போங் கப்பூர் ரோடு,
சிங்கப்பூர்,
20.2.1966

அன்பு மகள் சந்திரமதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் கொடுத்த அளவுக்கு நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை பாலகிருஷ்ணனும் உன் வயிற்றில் இருக்கும் செல்வமும் அதைவிட நன்றாக இருக்கக் காத்தோங் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். உன் மாமனார் மாமியாரையும் நான் விசாரித்ததாகச் சொல், இதை ஒப்புக்கு எழுதவில்லை, மனதாரத்தான் எழுதுகிறேன். போன கடிதத்தில் கால் வீக்கம் வற்றிவிட்டது, எல்லாரும் சுகம், பினாங்கில் நல்ல மழை என்று எழுதியிருந்தாய். மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவள் எதையோ விழுங்குகிறாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. ஏழாம் மாதம் நடக்கிறது, வளைகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்கு அங்கே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததை நான் எழுதிவிடுகிறேன், உன் மாமனார் கண்ணில் பட்டாலும் படட்டும், படித்தால் நல்லதுதான்.

எல்லாம் அந்தப் பந்தால் வந்த வினை. கையால் எறிகிற ஒரு பந்துக்கு எத்தனை கமிட்டி, எத்தனை சட்டம், எத்தனை முத்திரை. உன் அப்பா இந்த ஹேண்ட்பால் சங்கத்துக்குச் செயலாளரான நாளிலிருந்து நான் மாசம் தவறாமல் கமிட்டிக்கு மசால்வடை சுட்டு அனுப்பியிருக்கிறேன். கமிட்டியில் பேச்சு இங்கிலீஷில், சண்டை மலாயில், வடை நம் வீட்டிலிருந்து. முன்பு ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடினார்கள், பிறகு உலகம் பூராவும் ஏழு பேர் ஆக்கிவிட்டார்கள் என்று இங்கேயும் ஏழாக்கினார்கள், அதற்கு ஒரு வருஷம் சண்டை. அதையும் உன் மாமனார்தான் தீர்த்துவைத்தார், அதை நான் மறக்கவில்லை. பினாங்கு முதல் சிங்கப்பூர் வரைக்கும் எல்லாக் குழுக்களையும் ஒரே சம்மேளனமாகக் கட்டி, தானே தலைவராக இருந்து, சீனரையும் மலாய்க்காரரையும் நம்மவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்தவர் மருதப்பன் சம்பந்திதான். அந்த மேஜையில்தானே உன் கல்யாணமும் முடிவாயிற்று. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போன உன் அப்பா திரும்பி வந்து, தலைவர் மகனுக்கு நம் பெண்ணைப் பேசிவிட்டேன் என்றார், நான் ஜாதகம் எங்கே என்று கேட்டேன், சட்டைப்பையிலிருந்து கூட்ட நிகழ்ச்சிநிரலை எடுத்துக் கொடுத்தார், அதன் பின்பக்கத்தில் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தை எழுதிவைத்திருந்தார். அப்படிப்பட்ட சிநேகம் அது.

ஆகஸ்டில் நாடு, மலேசியா வேறு சிங்கப்பூர் வேறு என்று ரெண்டாகப் பிரிந்தது. நாங்கள் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம், நீ அங்கே கேட்டாய். அதற்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் இருக்கிற உலகச் சம்மேளனத்திலிருந்து எழுதினார்கள், ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் சேர்க்க முடியும், சிங்கப்பூர் இனிமேல் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு உங்கள் பழைய சம்மேளனம் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று. பாங்காக்கில் ஒரு போட்டிக்கு நம் பையன்களை அழைத்திருந்தார்கள், இந்த அங்கீகாரம் இல்லாமல் போக முடியாது. இங்கே கமிட்டி கூடியது, பிரிவது என்று தீர்மானம் போட்டார்கள். விலகுவதென்றால் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று சட்டவிதியில் இருக்கிறதாம். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, விதியில் இருந்தால் நெருப்பில் கூட நடப்பார். அன்றைக்கே டைப் அடித்து, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டார்.

எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். சம்பந்தி வீட்டுக்கு ஒரு காதுகுத்துப் பத்திரிகையைக்கூடத் தபாலில் அனுப்ப மாட்டோமே சந்திரமதி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நேரில் போய் நின்று கொடுப்போமே. நல்ல காரியத்துக்கே அப்படி என்றால் பிரிகிற காரியத்துக்கு எப்படிப் போக வேண்டும். நான் சொன்னேன், ஒருதரம் ரயிலேறிப் போய் அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணே காலம் இப்படி ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு தபாலில் போட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்று. அதற்கு அவர், அது தலைவருக்குப் போன கடிதம், சம்பந்திக்குப் போனது இல்லை என்றார். தலைவருக்கு ஒரு வீடு, சம்பந்திக்கு ஒரு வீடு என்று ரெண்டா இருக்கிறது? தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்து வாங்கியபோது அந்த மனுஷர் பசியாறிக்கொண்டிருந்தாராம், தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம். இதை உன் மாமியார் தங்கம் தன் தங்கச்சியிடம் சொல்லி, தங்கச்சி இங்கே தேக்கா மார்க்கெட்டில் என்னிடம் சொன்னாள். நாடு பிரிந்ததை ரேடியோவில் கேட்டேன், சிநேகிதன் பிரிந்ததைத் தபாலில் படித்தேன் என்று சொன்னாராம். அதைக் கேட்டபோது கையில் இருந்த கீரைக்கட்டைப் போட்டுவிட்டு நின்றேன்.

ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வரவில்லை. சரி, அது பந்து விவகாரம், எப்படியோ போகட்டும். ஆனால் வளைகாப்புக்கு நாள் குறித்துச் சொல்லுங்கள், வந்து செய்துவிட்டு மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வருகிறோம் என்று தை மாதம் நான் என் கையால் எழுதினேனே, அதற்குப் பதில் வந்தது பார், அதுவும் பதிவுத் தபாலில். சம்மேளனத்தின் பெயர் அச்சடித்த தாளில், டைப் அடித்து, "தங்கள் கோரிக்கை கிடைக்கப்பெற்றது. உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும்" என்று. கீழே தலைவர் என்று கையெழுத்து. நான் முதலில் சிரித்துவிட்டேன். என் மகளுக்கு வளையல் போடுவது பொதுக்குழுவில் பரிசீலிக்கிற விஷயமா, யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது? சிரித்து முடித்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, டைப்பில் ஒரு பிழைகூட இல்லை என்றார். கோபத்தில் சொன்னாரா, பாராட்டிச் சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்கு இந்த ரெண்டு கிழவர்களையும் நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு விசில் கொடுத்து மைதானத்தில் விட்டுவிடலாம் போல இருக்கிறது.

பிறகு நம் பொருளாளர் அப்துல் அலீம் வீட்டுக்கு வந்தார். அவரும் உன் அப்பாவும் துறைமுகத்தில் ஒரே ஆபீஸ் என்பதால் நம் வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் உன் அப்பா காதில் விழும்படியே என்னிடம் சொன்னார், "அண்ணி, சங்கம் எழுதினது சரிதான் லா. ஆனா அண்ணன் போயிருக்கணும்." உன் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அலீம் போன பிறகு நான் தட்டு எடுத்துக்கொண்டு போவோம் வாருங்கள் என்று கூப்பிட்டேன், நாள் தவறாமல் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, போகவும் இல்லை. இப்படியே போனால் எட்டாம் மாதமும் வந்துவிடும், அதற்குப் பிறகு ரயிலில் உன்னை எப்படிக் கூட்டிவருவது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதோடு இங்கே ஒருத்தி வந்து, பிரிந்த நாடாயிற்றே, பினாங்கில் பிறந்தால் அந்த நாட்டுப் பிள்ளை, இங்கே பிறந்தால் இந்த நாட்டுப் பிள்ளை, அதனால்தான் விட மாட்டேன் என்கிறார்களோ என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் முதலில் கைகால் சுகமாகப் பிறக்கட்டும்.

இப்போது நடந்ததைக் கேள். போன ஞாயிறு சிராங்கூன் ரோட்டுக் கடை மாடியில் கமிட்டி கூடியது. பாங்காக் போட்டிக்கு நேரம் நெருங்குகிறது, செயலாளர் பினாங்குக்குப் போய் எப்படியாவது கையெழுத்து வாங்கிவரட்டும், அவர்தான் சம்பந்தியாயிற்றே என்று எல்லாரும் சொன்னார்களாம். உன் அப்பா எழுந்து பேசியதை அலீம் வந்து அப்படியே சொன்னார். "செயலாளரா போனா, மகளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான்னு பேசுவாங்க. அப்பனா போனா, சங்கத்தை அடகு வச்சு மகளைக் கூட்டிட்டு வந்தான்னு பேசுவாங்க. நான் அப்பனா போறேன். வேற செயலாளரைப் பாத்துக்குங்க." அவ்வளவுதான், ராஜினாமாவை எழுதி மேஜையில் வைத்துவிட்டாராம். யாரும் வடையைத் தொடவில்லையாம், அப்படியே திரும்பி வந்தது. அலீமைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். அவர் தனியாக எழுதிக் கேட்பார், உன் மாமனார் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, இனி நேரம் போதாது, இந்த வருஷம் பாங்காக் இல்லை என்று பையன்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

எத்தனை வருஷமாக அந்தச் சனியனை விட்டொழியுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், விட்ட அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை மகளே. சாயங்காலம் ஃபேரர் பார்க்கில் பையன்கள் ஆடுகிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார், பிறகு என்ன நினைத்தாரோ திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காப்பி கொடுத்தேன், ஆறவிட்டுக் குடித்தார். அதற்குப் பிறகுதான், வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், தட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், கோலாலம்பூரில் ரயில் மாறி பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறி சனிக்கிழமை உன் வீட்டு வாசலில் நிற்போம். சிராங்கூன் ரோட்டில் பச்சையும் சிவப்புமாக உனக்குக் கண்ணாடி வளையல் வாங்கியிருக்கிறேன், உன் கை வீங்கியிருக்கும் என்று ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். வெற்றிலையும் பழமும் கிளம்புகிற அன்று காலையில் தேக்காவில் வாங்கிக்கொள்வேன். நீ உன் மாமனாரிடம் எங்களுக்காகக் கெஞ்சாதே, மாப்பிள்ளையையும் தூது விடாதே. ரெண்டு கிழவர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கட்டும், பார்த்தால் பேசுவார்கள், பேசினால் அழுவார்கள், எனக்குத் தெரியும். ஒருவேளை பேசாமலும் போகலாம். அதையும் நினைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

உன்னை அனுப்பினால் நம் வீட்டில் முன்னறை உனக்குத் தயாராக இருக்கிறது. அனுப்பாவிட்டால் நான் திரும்பி வருவதாக இல்லை. இதை உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது நம் பக்கத்தில் மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றும் தெரியும். பேசட்டும். உன் மாமியார் சமைக்க விட்டால் சமைப்பேன், விடாவிட்டால் பாத்திரம் தேய்ப்பேன், உனக்கு வலி எடுக்கும்போது அந்த வீட்டில் எங்கேயாவது ஒரு மூலையில் நான் இருப்பேன். பெட்டியில் மூணு மாசத்துக்கான சேலைகளை மடித்து வைத்திருக்கிறேன், அப்பா கேட்டால் குளிருக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். பினாங்கில் என்ன குளிர் என்று அவர் கேட்கமாட்டார், கேட்கிற தெம்பும் இப்போது அவருக்கு இல்லை.

நீ தண்ணீர் வாளியைத் தூக்காதே, பப்பாளி பக்கமே போகாதே, இடதுபக்கம் சாய்ந்து படு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் பதினாறும் பெற்று நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், உன்னைச் சார்ந்தவர்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே, நீ படுக்கிற அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் பண்ணி வை.

உன்னைப் பெற்ற
அன்னம்மா