ராஜாவின் ஆறு குட்டிகள்

என் அன்பு அண்ணனுக்கு,

குதிரையிலிருந்து விழுந்து நீங்கள் உயிரை விட்ட அதே வளைவில், இப்போது உங்கள் மகள் செல்வி காலையில் குதிரை ஓட்டுகிறாள். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே நாள் போய்விட்டது.

உங்களைத் தள்ளிய அந்தக் குதிரை ராஜாவை முதலாளி விற்கவில்லை. வேகத்துக்காக இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார். ஒரே பருவத்தில் பிறந்த அதன் குட்டிகள் ஆறும் இரண்டு வயதாகி, பட்டிப்பொலப் பண்ணையிலிருந்து நுவரெலியாவுக்கு, அவருடைய பயிற்சித் தடத்துக்கு வந்தன. பந்தயத்துக்குத் தேறுமா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

கால், நெஞ்சு, மூச்சு எல்லாம் பார்த்தேன். ஒன்றுக்கு முன்னங்கால் சற்று உள்வாங்கல். இன்னொன்று ஏற்றத்தில் இளைத்தது. மற்ற நான்கும் அருமையான ஓட்டம், அதிலும் அந்தக் கறுப்புப் பெட்டைக்குட்டி! ஆனால் நீங்கள் விழுந்த இடம் வந்ததும் ஆறுமே காதை மடித்து ஒதுங்கின. அந்தத் தடத்தையே பார்த்திராத குட்டிகளுக்கு அது எப்படித் தெரியும், அண்ணே?

தகப்பன் புத்தி, வித்தே கெட்டது, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் பட்டது. இனி ஏற வேண்டாம் என்று செல்வியைத் தடுத்தேன். அவள் இறங்கி, அந்த இடத்தைக் காலால் ஓங்கி மிதித்தாள்.

"சித்தப்பா, இங்க சத்தம் வேற மாதிரி கேக்குது. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி."

தோண்டினோம். புல்லுக்கடியில் பழைய தண்ணீர்க் கான், அந்தக் கல்வாய்க்காலின் மூடுகல் இடிந்து, ஆள் இறங்குமளவு வெற்றுப் பள்ளம்.

ராஜா முரடு இல்லை, அண்ணே. மண் சரியில்லை என்று தெரிந்துதான் மிரண்டிருக்கிறது. நீங்கள் கடிவாளத்தைக் கவனிக்கவில்லை என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசியதை அண்ணி இத்தனை காலமும் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று குழியோரம் வந்து குனிந்து பார்த்தார்.

"அவரு மேல தப்பில்ல," என்று மட்டும் சொன்னார்.

கல்லும் மண்ணும் போட்டு இறுக்கினோம். இது நல்ல தலைமுறை என்று முதலாளியிடம் உறுதியாகச் சொன்னேன், விற்பனை நின்றது. ஐந்து குட்டிகள் இப்போது நேராக ஓடுகின்றன. கறுப்பு மட்டும் அங்கே வந்ததும் நடையைத் தளர்த்தி, யாருக்கோ வழி விட்டு ஓரமாகப் போகிறது. செல்வி அதை அதட்டுவதில்லை. அங்கே நிற்பது நீங்களா?

நீங்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் ஓட்டும் காலையெல்லாம் நான் அங்கே நிற்பேன். எவ்வளவு பனி இறங்கினாலும் அவளைத் தனியாக விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்த தம்பி,
செல்வியின் சித்தப்பா