வத்தல் ஓய்ந்தும் ஓயாத இருமல்

என் பிரியமுள்ள மச்சான் பேச்சிமுத்துவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. மிளகாய் வத்தல் மூட்டையைத் தூக்கி எறிந்த கைக்கு ஒரு பென்சில் கனக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. பொறுத்துக்கொள். ஆனாலும் பார், நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

நீ போன மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு தொடங்கினார்கள். என்னை விரட்டியது உன் தங்கைதான். "இங்கன உக்காந்து போற வாற ஆளப் பாக்கதுக்கு அங்கன போயி உக்காருங்க" என்றாள். இப்போது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை வாசித்து, கேட்காத ஆட்களுக்கும் சொல்கிறேன். "ராஜபாளையம் போவுது, ஏறுங்க" என்பேன். அவர்கள் கழுகுமலைக்கு நிற்பவர்களாக இருப்பார்கள். ஒருநாள் கண்டக்டர், "பெரியவரே, என் வேலையும் போயிரும் போலுக்கே" என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன், மச்சான். இந்த இருமல் ஒன்றுதான்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னைவிட்டால் யாரிடம் சொல்ல?

நாம் மூட்டை தூக்கிய வத்தல் பேட்டையில் யார் இருமலை யார் கவனித்தோம்? தை பிறந்து வத்தல் வரத் தொடங்கினால் பங்குனி முடிய எல்லாருக்கும் தொண்டையில் நெருப்புதான். தூக்குகிறவன் இருமுவான், நிறுக்கிறவன் இருமுவான், விலை கேட்க வந்த வியாபாரி வாசலிலேயே நின்று இருமுவான். நீ இருமியதும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் கேட்டது. வத்தல் நெடி என்றோம். நீயும் அதையே சொன்னாய். கண்ணை மூடுகிறவரைக்கும் அதையே சொன்னாய்.

இப்போது ஆடி பாதி போய்விட்டது. கோவிலில் ஆடித்தவசுத் திருவிழாக் கூட்டமும் கலைந்துவிட்டது. பேட்டையில் பெருக்கிவிட்ட தரையில் ஒரு வத்தல் விதைகூட இல்லை. மற்றவர்கள் இருமல் சித்திரையோடு நின்றது. என்னுடையது நிற்கவில்லை. வலது விலாவுக்குள் கருவேல முள் ஏறின மாதிரி ஒரு வலி. மூச்சை இழுத்தால் குத்துகிறது. படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். தெருவில் நடக்கிறேன், மூச்சு வாங்குகிறது. உட்காருகிறேன், உட்கார முடியவில்லை. மறுபடி நடக்கிறேன். நீயும் கடைசியில் வாசலுக்கும் உள்ளுக்குமாக இப்படித்தான் நடந்தாய், இல்லையா?

ஆடாதோடை கஷாயம் குடித்தேன். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டேன். அம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து நெஞ்சில் பூசினேன். வேறு என்ன செய்ய? தூக்கினால் கூலி, படுத்தால் பட்டினி. நடுவில் நம்மைத் தாங்க எவனும் எதுவும் வைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கை என்னைக் கோவிலுக்கு இழுத்துப் போனாள். உண்டியலில் போட வெள்ளித் தகடு விற்பார்களே, அந்தக் கடையில் நெஞ்சு பதித்த தகடு கேட்டாள்.

"நெஞ்சுன்னு தனியாக் கிடையாதும்மா. கண்ணு இருக்கு, கை இருக்கு, காலு இருக்கு. நெஞ்சு வலின்னா முழு ஆளாத்தான் வாங்கணும்."

"முழு ஆளும் எனக்கு வேணும்லா. குடுங்க" என்றாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன், மச்சான்.

உண்டியலில் போட்டுவிட்டு வெளியே வந்ததும், "அம்மைகிட்டச் சொல்லியாச்சு. இனி டாக்டர்கிட்டச் சொல்லணும். திங்கக்கெழம மொத பஸ்ஸு" என்றாள்.

"ஏட்டி, இது வத்தல் நெடிட்டீ. தன்னால போயிரும்."

"எங்க அண்ணனும் அதத்தான சொன்னாவ. வத்தலே இல்லாத மாசத்துல நெடி எங்கருந்து வருது?"

 இதற்குப் பதில் உனக்காவது தெரிந்தால் சொல்.

திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுவரில் எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'இங்கே துப்பாதீர்கள்.' படிப்பு வருவதற்கு முன்னால் வந்திருந்தால் நிம்மதியாகத் துப்பியிருப்பேன். வாசித்துவிட்டேனே, விழுங்கித் தொலைத்தேன். உள்ளே போனால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, "துப்பும்" என்கிறார்கள். உன் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னை ஒரு பலகையோடு ஒட்டி நிறுத்தி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நான் பிடித்துக்கொண்ட முதல் போட்டோ அதுதான். அதிலும் முகம் விழாதாம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருமல் இருந்ததா?" என்று கேட்டார். வத்தல் நெடி என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் உன் தங்கை, "எங்க அண்ணன் இருமி இருமித்தான் ஐயா போனாவ" என்றாள். அதுவரை வெளியாள் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் அழவில்லை. டாக்டர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

நுரையீரலை அரிக்கிற சயரோகமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வியாழக்கிழமை வந்தால் தெரிந்துவிடும் என்றார். அதுதான் என்றாலும் இப்போது ஊசி வந்திருக்கிறதாம். மாதக்கணக்கில் போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது என்றார். ஊசி வந்திருக்கிறது, மச்சான். நீ இருந்தபோதும் வந்திருந்ததா? கேட்கலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பக்கத்தில் உன் தங்கை. கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பினால் மேஸ்திரி வாசலில் நிற்கிறார். நம் பேட்டையில் ஆள் வைத்து வேலை வாங்குகிறாரே, அவரேதான். "வியாழக்கெழம பருத்தி லோடு வருதுவே. நீரு வாரீரா இல்லியா? வரலைன்னா குருவிகுளத்து ஆளப் போட்டுருவேன். அப்புறமா வந்து அண்ணாச்சி அண்ணாச்சின்னு நிக்கப்பிடாது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என்ன என்று மனசு கேட்டது. தெரியாதவரைக்கும் நான் இருமுகிறவன்தான், நோயாளி இல்லை. தெரிந்துவிட்டால் யார் என்னை மூட்டை பக்கம் விடுவார்? யார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்? இதை நினைத்துக்கொண்டு நடந்தபோதுதான் உன் நினைப்பு வந்து நின்றுவிட்டேன். உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா மச்சான்? தெரிந்துதானே நெடி, நெடி என்றாய்?

இன்று காலை மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். 

"அண்ணாச்சி, வியாழக்கெழம நான் வரல. ஆஸ்பத்திரிக்குப் போறேன். இருமல் என்னன்னு சொல்லுவாவளாம்."

"என்னன்னு சொல்லுவாவளாம்?"

"சயமா இருக்கும்னு சந்தேகப்படுதாவ."

அவர் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டு திரும்பினார். தோள் குலுங்கியது. வெகுநேரம் இருமினார். இருமி முடித்து, துண்டைப் பார்த்தார். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எத்தன மணிக்குவே பஸ்ஸு?" என்றார்.

வியாழக்கிழமை மூன்று பேராகப் போகிறோம், மச்சான். பஸ் பலகையை நான் வாசித்துச் சொல்வேன். அடுத்த வாரம் என் கடிதம் உனக்கு உண்டு. டாக்டர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அதையே எழுதுவேன், எத்தனை நேரமானாலும் எழுத்துக் கூட்டி எழுதுவேன். நெடி என்று மட்டும் எழுத மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிய மச்சான்
மாரியப்பன்