மூன்றாம் படியில் ஒரு முதுகு

மேற்குத் தாம்பரம்
7-2-2006, செவ்வாய்

அன்புள்ள மச்சான் முஸ்தபாவுக்கு,

உன் தம்பி அஸ்கரை ஷார்க்ஸ் ஹாக்கி அணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கேள்விப்பட்டதை எழுதவில்லை. இன்று காலை எழும்பூருக்குப் போய், கிளப் அலுவலகப் பலகையில் செயலாளர் சுப்பராயலு கையெழுத்தோடு ஒட்டியிருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு வந்தேன். ‘விசாரணை முடியும்வரை’ என்று இருக்கிறது. விசாரிக்கப்போவது மூன்று பேர் கமிட்டி. தலைவர் பக்தவச்சலம், பழைய அம்பயர். நல்ல மனிதர் என்றும் சொல்கிறார்கள், கறார் என்றும் சொல்கிறார்கள்.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி, லூதியானா அணியோடு. ஒரு நிமிடம் பாக்கி. இரண்டுக்கு இரண்டு. அவர்களுக்குப் பெனால்டி கார்னர். கோலில் நம் அஸ்கர். பந்து தாழ்வாக அவனுக்கு இடது பக்கம் போய் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு, போட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டோம். விசில் ஊதி அரை மணி நேரத்துக்குள் ஸ்டேடியம் வாசலில் ஒரு பேச்சு கிளம்பியது: கீப்பர் அசையவே இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டான், யாரிடமோ பணத்துக்குக் கை நீட்டிவிட்டான் என்று. யார் கிளப்பினார்கள் என்று நானும் இரண்டு நாளாக விசாரிக்கிறேன். ஒருவன் இன்னொருவனைக் காட்டுகிறான்.

தாம்பரம் மார்க்கெட்டில் எனக்கு அடுத்த கடை முத்தாலம்மாளுக்கு ஹாக்கி தெரியாது. அவளே நேற்றுக் கேட்கிறாள்: “இன்னா பாலகுரு, உங்காளு கோலுக்கு வாட்ச்மேனா நின்னானா, வாங்க வாங்கன்னு வழி காட்ட நின்னானா?” சுறா மீன் விற்பவன், சுறா டீமுக்குக் கொடி பிடிப்பவன் என்று இத்தனை நாள் என்னைக் கேலி செய்தவர்கள் இப்போது கேலி செய்வதில்லை. பாவம் என்று பார்க்கிறார்கள். கேலியே தேவலை.

மச்சான், நீ கவலைப்படாதே. நான் கோலுக்கு நேர் பின்னால், கேலரியில் நம் மூன்றாம் படியில்தான் நின்றேன். தம்பி நின்ற கோல் என்பதால் இந்த முறை வழக்கம்போல் முதுகு காட்டித் திரும்பவில்லை. அவன் இடது பக்கம் காலை நீட்டினான். பந்து அவன் காலில் பட்டுத்தான் உள்ளே போனது. என் கண்ணால் பார்த்தேன்.

நாளை விமானம் ஏறும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் புஷ்பலதா உன்னை விசாரித்தாள். வெயில் அங்கே ஆரம்பித்துவிட்டதா?

உன்,
பாலகுரு

*

ரூவி, மஸ்கட்
17-2-2006, வெள்ளி

என் அன்பு மச்சான் பாலகுருவுக்கு முஸ்தபாவின் சலாம்.

கடிதம் கிடைத்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து எழுதுகிறேன். இங்கே பட்டறையில் கார் சீட்டுக்குத் தோல் தைக்கிறேன்; ஊசி ஓடுகிறது, மனம் பம்மல் வீட்டில் நிற்கிறது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டால் நஃபீசா எடுக்கிறாள். அஸ்கர் எடுப்பதில்லை. “உங்க தம்பி ரூமை விட்டு வர மாட்டேங்கிறாரு. நான் தட்டை வைக்கிறேன், அப்படியே திரும்ப எடுக்கிறேன்” என்கிறாள். என்னதான் நடந்தது என்று அவள் கேட்டதற்கு, “ஞாபகம் இல்ல அண்ணி” என்றானாம். பன்னிரண்டு நாள் முன்பு நடந்தது எப்படி மச்சான் ஞாபகம் இல்லாமல் போகும்? வாப்பா மௌத்தான பிறகு அவனை வளர்த்தவன் நான். அவன் பொய் சொல்லும்போது காதைச் சொறிவான். போனில் காது தெரியவில்லையே.

அதனால்தான் உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நாம் இரண்டு பேரும் ஹாக்கி பார்க்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம். ஷார்க்ஸ் பிறப்பதற்கு முன்பே பார்த்தவர்கள். அதில் ஒரு பெனால்டி கார்னரை நீ பார்த்திருப்பாயா? அம்பயர் கையைக் காட்டியதும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பிவிடுவாய். நீ பார்த்தால் கோல் விழும் என்று ஒரு பயம். நான் பார்ப்பேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய். அப்படிப்பட்டவன் தம்பிக்காகத் திரும்பாமல் நின்றாய் என்று படித்தபோது, பட்டறை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை, நீ கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கும் பக்கத்தை, முந்தாநாள் கமிட்டிக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். அவன் அசையவில்லை என்று ஊரே சொல்கிறது. அசைந்தான் என்று சொல்ல ஒரு ஆள் போதும். உன்னைக் கூப்பிடுவார்கள், போய்ச் சொல்.

இன்னொன்று. அவன் இடது பாதத்துக்குக் கவசமாகக் கட்டும் கிக்கர் போன வருட பக்ரீதுக்கு முன்பு கிழிந்து, நான் எருமைத்தோலில் இரட்டை ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன் அல்லவா, அது பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல். அவசரமில்லை. என்னவோ அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ சுற்றிச் சுற்றி வருவாய். எழுத்தில்தான் நேராக வருகிறாய்.

முஸ்தபா

*

ரூவி
26-2-2006

பாலகுருவுக்கு,

தாம்பரம் சானடோரியத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒருவன் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த வாரப் பத்திரிகையில் அரையிறுதிப் படம் இருந்தது. எண்ணெய் பட்ட தாள்தான். ஆனால் படம் தெளிவாக இருக்கிறது.

பந்து வலைக்குள் இருக்கிறது. அஸ்கர் நிமிர்ந்து நிற்கிறான். பாய்ந்து எழுந்து நிற்கிறானா, பாயாமலே நிற்கிறானா, படத்தில் தெரியவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டேன். ஒருமுறை பாய்ந்த மாதிரி இருக்கிறது, ஒருமுறை மரம் மாதிரி இருக்கிறது.

வலைக்குப் பின்னால் கேலரி தெரிகிறது. எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். மூன்றாம் படியில் மட்டும் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். தோளில் நீலக் கொடி. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது.

அந்த முதுகு எனக்குத் தெரியும்.

உன் எழுத்து கமிட்டி கையில் இருக்கிறது. இந்தப் படமும் அவர்கள் கையில் இருக்கும். நீ பொய், அதை அனுப்பிய நான் பொய், அப்புறம் அவன் சொல்வது எதை நம்புவார்கள்?

ஒரே கேள்வி. நீ பார்த்தாயா?

முஸ்தபா

*

மேற்குத் தாம்பரம்
11-3-2006, சனி

மச்சானுக்கு,

நான் பார்க்கவில்லை.

கமிட்டி நேற்று வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்னை அழைத்து விசாரித்தது. இந்தச் சொல்லைத்தான் அங்கேயும் முதலில் சொன்னேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். அதனால் இது உறுதி.

உன் கடிதம் வந்து பத்து நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தபோதெல்லாம் இன்னொரு பொய் வந்தது. பாதி திரும்பினேன் என்று ஒரு தாள் எழுதினேன். கடைசி நொடியில் திரும்பிப் பார்த்தேன் என்று ஒரு தாள். புஷ்பலதா இரண்டையும் படித்துவிட்டு, “மீனு நாறிப்போச்சுன்னா ஐஸ் போட்டு இன்னா பிரயோஜனம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் அப்படி எழுதியது உன்னை ஏமாற்ற இல்லை. நீ அங்கே தனியாக இருக்கிறாய், ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதினேன். நீ அதைக் கமிட்டிக்கு அனுப்புவாய் என்று நினைக்கவில்லை. நான் சொன்னால் நீ நம்புவாய் என்பதை மட்டும் நினைத்தேன். அதுதான் தப்பு.

பக்தவச்சலம் மேஜைமேல் என் கடிதத்தையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிக்கிறதுக்கு டிக்கெட் எதுக்குய்யா வாங்கறே?” என்றார்.

“அது எங்க பழக்கம் சார். கார்னர்னா நான் முஸ்தபா முகத்தைப் பார்ப்பேன்.”

“முஸ்தபா எங்கே?”

“மஸ்கட்ல சார்.”

“அப்ப அன்னிக்கு யாரு முகத்தைப் பார்த்தே?”

“ஒரு வேர்க்கடலைக்காரரு முகத்தை சார்.”

“அவரு முகத்துல என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணும் தெரியல சார். அவரு ஆட்டத்தைப் பார்க்கல. பொட்டலம் மடிச்சிக்கினு இருந்தாரு.”

சுப்பராயலு சிரித்துவிட்டார். பக்தவச்சலம் சிரிக்கவில்லை. “கண்ணை விடு. காது இருந்துதா?” என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது மச்சான். ஐந்து வாரமாக நான் பார்க்காததையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். கேட்டதை ஒருமுறைகூட நினைக்கவில்லை. பந்து கோலில் விழுந்தால் பின்பலகையில் ‘படார்’ என்று ஒரு சத்தம் வரும், உனக்குத் தெரியும். அன்று அதற்கு முன்னால் இன்னொரு சத்தம் வந்தது. கனமான சத்தம். ஈரப் பலகையில் வஞ்சிரத்தைத் தூக்கிப் போட்டால் வருமே, அந்த மாதிரி. மற்ற கீப்பர்கள் கிக்கரில் பட்டால் அப்படி வராது, மெத்தென்று கேட்டுப் பந்து எகிறும். அது உன் எருமைத்தோல் ஒட்டு. தாம்பரம் ரயில்வே கிரவுண்டில் அவன் பயிற்சி எடுத்தபோது எத்தனை நூறு தடவை கேட்டிருப்போம்.

இதைச் சொன்னேன். “ஒரு சத்தமா, ரெண்டு சத்தமா?” என்று மூன்று முறை கேட்டார். இரண்டு என்றேன். “முதல் சத்தம் வேற யாரோட ஸ்டிக்காவது இருக்கலாம் இல்ல?” என்றார். இருக்கலாம் என்றேன். என் மனம் இல்லை என்கிறது. ஆனால் ஒரு தடவை பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதியவன், இனி தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது. “உன் பேச்சை இனிமே எவ்வளவு நம்பறதுன்னு எனக்குத் தெரியல” என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது பல்லாவரத்தில் இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம், ரோட்டைத் தாண்டவே நேரமானது. ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். அஸ்கர் கதவைத் திறந்தான். தாடி விட்டிருக்கிறான். நான் எழுதிய பொய்யையும் கமிட்டியில் சொன்ன உண்மையையும் அவனிடம் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்தான்.

“எனக்கே தெரியல பாலகுரு அண்ணே. பந்து வந்தது தெரியும். பலகைல சத்தம் கேட்டது தெரியும். நடுவுல கால் போச்சா இல்லையான்னு தெரியல. எல்லாரும் அசையலன்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே அசையலன்னுதான் தோணுது.”

“அன்னிக்கு எந்தக் கிக்கர்?”

“அண்ணன் தெச்சதுதான். வேற எத நான் போட்டேன்?”

காதைச் சொறியவில்லை. முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிக்கர் அவனிடம் இல்லை. கிட் மொத்தமும் கிளப் அறையில் பூட்டியிருக்கிறது. அதனால் ஒட்டு பிரிந்ததா என்ற உன் கேள்விக்கு இன்று பதில் இல்லை. நஃபீசா தங்கச்சி சோறு போட்டாள். நான் சாப்பிட்டதால் அவனும் நாலு வாய் சாப்பிட்டான்.

இனித் தெரியவேண்டியது டேப். டிவிக்காரர்களின் முழுப் பதிவு டெல்லியிலிருந்து வரவேண்டும். 20-ம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கமிட்டி அதைப் போட்டுப் பார்க்கும் என்று சுப்பராயலு சொன்னார். கோலுக்குப் பக்கத்தில் மைக் இருந்ததாம், இரண்டு சத்தம் இருந்தால் கேட்கும் என்கிறார். கமென்ட்ரி கத்தலில் ஒன்றும் கேட்காமலும் போகலாம் என்றும் அவரேதான் சொல்கிறார். அஸ்கர் வரமாட்டேன் என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டான்.

அவன் முகத்தைப் பார்க்கத்தான் என் கழுத்து திரும்பும். திருப்பமாட்டேன். டிவியைத்தான் பார்ப்பேன்.

நீ பதில் எழுதுவாயா என்று தெரியவில்லை. 20-ம் தேதிக்குள் வந்தால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். வராவிட்டாலும், டேப்பில் என்ன தெரிந்ததோ அதை, அது நமக்கு ஆகாததாக இருந்தாலும், அன்று சாயங்காலமே உனக்கு எழுதுவேன்.

பாலகுரு