சூடேறாமல் பார்த்துக்கொண்டவருக்கு

மாமா,

இன்று காலை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கையெழுத்து கேட்டார். மேசை இழுப்பறையில் கைக்குக் கிடைத்த பேனாவை எடுத்து அமுக்கினேன். முனை வெளியே வந்தது. தாளில் வைத்ததும் உள்ளே போய்விட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடியும் அப்படியே. அவர் பொறுமையிழந்து தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினார். அவர் போன பிறகு அந்தப் பேனாவைத் திருகிப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை. கதவைக்கூடச் சாத்தாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் பேனா ஸ்பிரிங் திருடியவர் ஒரே ஒருவர்தானே.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஓட்டியவருக்கு வழியெல்லாம் சிநேகிதர்கள். அப்படி ஒரு அரிசி ஆலையின் பின்கட்டில், மழையில் நனைந்தும் நனையாமலும் கிடந்த இரண்டு கணினிப் பெட்டிகளை ஒருநாள் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் இறக்கி வைத்தபோது இரண்டிலிருந்தும் தவிடு கொட்டியது.

"என்னா மாமா இது? பழைய இரும்புக்குப் போடவா?"

"இரும்பு இல்ல டீச்சரம்மா. செத்த வண்டி ரெண்டு. ரெண்டையும் பிரிச்சி ஓடுற வண்டி ஒண்ணு பண்ணப் போறோம்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நம் பெண் யாழினிக்காக.

யாழினி என்று பெயர் வைத்தபோது அவளுக்குக் காது கேட்காது என்று நமக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, பெயரை மாற்றிவிடலாம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். "பேரு கூப்புடற நமக்குத்தான? நமக்குப் புடிச்சிருக்கு, இருந்துட்டுப் போவுது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டீர்கள். கடலூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. சிதம்பரத்துக்குக் கூட்டிவந்து எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்தோம். அங்கே ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பியபடி பேசுவார்கள். உதடுகூடத் தெரியாது. வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது இவளும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே. பத்தாவது அரையாண்டில் அறிவியலில் தேறவில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. வேறொரு பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அதே பாடத்தை நடத்திவிட்டு வந்து, என் பெண்ணின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் நீங்கள் சொன்னீர்கள்: "பாடத்தைச் சைகையில படம் புடிச்சிக் குடுத்துடுவோம். புரியற வரைக்கும் போட்டுப் போட்டுப் பாக்கட்டும்."

முதலில் கேமரா முன்னால் நின்றது நான்தான். அரைப் பாடம் முடிவதற்குள் யாழினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குக் கை பேசுது, முகம் தூங்குது" என்றாள் சைகையில். உங்களை இழுத்துவந்து நிறுத்தினாள். எதிரே வரும் பஸ் ஓட்டுநரோடு கண்ணாடி வழியாகவே கையாலும் புருவத்தாலும் குடும்பக் கதை முழுவதும் பேசிவிடுகிற மனிதர் அல்லவா நீங்கள். அதிலிருந்து பாடத்தை எழுதுவது நான், கையால் சொல்வது நீங்கள் என்று ஆயிற்று. டூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றாமலே, நம் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று ஒளிச்சேர்க்கை நடத்தினீர்கள்.

கைப்பேசியில் எடுத்த துண்டுகளைக் கணினியில் ஒட்டி, நடுவில் படங்களும் பெரிய எழுத்துகளும் சேர்க்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு பெட்டிகளில் நல்லதை எல்லாம் பொறுக்கி நீங்கள் செய்த ஒற்றைப் பெட்டி, சின்ன வேலைகளைச் சமர்த்தாகச் செய்தது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வீடியோவாக ஆக்கச் சொன்னால், அது நெடுநேரம் நிற்காமல் உழைக்க வேண்டும். பாதியில் திரை கறுத்துவிடும். பெட்டி தானே அணைந்துவிடும். செய்தது எல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேல வீதிப் பக்கம் ஒரு கடையில் காட்டினோம். அந்தத் தம்பி நிதானமாகச் சொல்லித் தந்தார். மொத்த வேலையையும் செய்வது ப்ராசஸர் என்கிற சின்னச் சில்லு. உழைத்தால் சூடேறும். அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ள அதன் தலைமேல் ஓர் உலோகக் கட்டி, கட்டியின் மேல் ஒரு குட்டி விசிறி. சூடு எல்லை மீறினால் சில்லு கருகாமல் இருக்கப் பெட்டி தன்னை அணைத்துக்கொள்ளும். "பெட்டி பழசு சார். டைப் அடிக்கலாம். வீடியோ வேலைலாம் ஜாஸ்தி, தாங்காது" என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டீர்கள். "சூடாவுதுன்னா அது நம்ம டிபார்ட்மென்ட்டு. வா, போலாம்."

பக்கப் பலகையைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தீர்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடிவிட்டு அணைந்தது. பிறகு குட்டி விசிறியைக் கழற்றினோம். அடியில் இருந்த உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் ஆலைத் தவிட்டுத் தூசி கம்பளி போல அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தோம். மறுபடி கொஞ்சம் கூடுதல் நேரம். சில்லுக்கும் உலோகக் கட்டிக்கும் நடுவே சூட்டைக் கடத்துவதற்குப் பூசியிருந்த பசை காய்ந்து, பழைய சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கடைக்காரத் தம்பியிடமே புதுப் பசை வாங்கிவந்தீர்கள். வாங்கியதை முழுவதும் பிதுக்கினீர்கள்.

"தோசைக்கா நெய் ஊத்தறீங்க?" என்றேன்.

"எண்ண ஜாஸ்தி இருந்தா எஞ்சின் கெட்டா போயிடும்?"

பசை நாலு பக்கமும் வழிந்தது. சூடு குறையவில்லை. அதைத் துடைப்பதற்குள் என் பழைய பருத்திப் புடவை ஒன்று போயிற்று. உளுந்தளவு போதும் என்று அந்தத் தம்பி பிறகுதான் சொன்னார். அப்படியே வைத்தும் பார்த்தோம். பாதி தாண்டும். முடிவுக்கு வராது.

யாழினி எப்போதும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நம் காதுக்குக் கேட்காத மாற்றம் அவள் கைக்குத் தெரியும். "நடக்குது" என்பாள். "ஓடுது" என்பாள். "மூச்சு வாங்குது" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக் காட்டினால், பத்து எண்ணி முடிப்பதற்குள் திரை கறுக்கும்.

இதயப் பாடத்தன்று நடந்ததை நான் மறக்கவே முடியாது. நீங்கள் நடத்தியதிலேயே அழகான பாடம் அது. இதயம் பஸ் நிலையம். ரத்தம் பஸ். நுரையீரலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து உடம்பு முழுக்கப் போய் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வரும் வண்டிகள். ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு நீண்டுகொண்டே போனது. முடிவுக்கு ஒரு விரற்கடை இருந்தபோது யாழினி நெஞ்சில் கை வைத்தாள். அணைந்துவிட்டது.

அவள் எழுந்தாள். "போதும். எனக்குப் பரீட்சை வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்பட வேண்டாம்" என்று சைகையில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தூக்கிக் கடாசுங்க மாமா இத. நமக்கு இதுலாம் ஆவாது."

நீங்கள் கோபப்படவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். "வண்டி நின்னுட்டா பாசஞ்சர வழியில வுட்டுட்டா போறோம்? எறங்கிப் பாக்கறதுதான். நீயும் வந்து பாரு. எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியும்."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் வந்து உட்கார்ந்தேன். உலோகக் கட்டியைத் தூக்கிக் கவிழ்த்தீர்கள். பசையின் அச்சைப் பார்த்தேன். ஒரு பக்கம் மை ஒற்றியதுபோல மெல்லிசாகப் பரவியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் வைத்தது வைத்தபடி திட்டாக நின்றது.

"மாமா, இந்த மூலை அமுங்கவே இல்ல. கட்டி சில்லுமேல சரியா ஒக்காரல."

கட்டியை, சில்லு பொருத்தியிருக்கும் பச்சைப் பலகையோடு பிடித்திருப்பவை நான்கு பிளாஸ்டிக் கால்கள். அந்த மூலையின் காலைத் திருப்பிப் பார்த்தீர்கள். நுனி உடைந்திருந்தது. பார்வைக்குச் சொருகியதுபோல நிற்கும்; பிடிமானம் இருக்காது. அத்தனை நாளும் நம் சில்லு தலையில் தொப்பியைச் சாய்வாக வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறது! நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"டீச்சரம்மா, நீ மெக்கானிக்கு!"

கால்கள் நான்கையும் பிடுங்கிவிட்டு நீளமான ஸ்குரூக்களைப் போட்டீர்கள். பலகை கீறாமல் இருக்க சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர்கள். ஆனால் ஸ்குரூவை இறுக்கினால் பலகை வெடிக்கும், தளர்த்தினால் கட்டி ஆடும். கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். பிறகு வீட்டில் இருந்த பேனாக்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, ஸ்குரூவுக்கு ஒன்றாக அவற்றின் ஸ்பிரிங்கைக் கோத்தீர்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி, கையால் அமுக்கிய அளவுக்கு அமுங்கி நின்றது. மறுநாள் என் பள்ளியில் தாள் திருத்த எடுத்த சிவப்புப் பேனா ஒன்றும் எழுதவில்லை.

அத்தோடு விடவில்லை நீங்கள். "லோடு ஏத்துன வண்டிய வெரட்டக் கூடாது" என்று சொல்லி, கணினியின் அமைப்புக்குள் போய் ப்ராசஸரின் உச்ச வேகத்தையும் குறைக்கச் சொன்னீர்கள். மெதுவாகப் போனாலும் போய்ச் சேரட்டும் என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு. யாழினியைக் கெஞ்சித்தான் கூட்டிவந்து உட்கார வைத்தோம். வேண்டாவெறுப்பாகக் கையைப் பெட்டிமேல் வைத்தாள். "நடக்குது" என்றாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். "நடக்குது." கோடு பாதி தாண்டியது. "நடக்குது." போன வாரம் நின்ற இடத்தையும் தாண்டியது. அவள் கையை எடுக்காமலே உங்கள் தோளில் சாய்ந்துகொண்டாள். திரையில் 'முடிந்தது' என்று வந்தபோது நீங்கள் பஸ் ஹாரன் மாதிரி வாயால் ஊதினீர்கள். எதிர்வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

யாழினி அந்தப் பாடத்தைப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள்: "இதயத்துக்கு இடது பக்கச் சுவர் மட்டும் ஏன் தடியா இருக்கு?"

பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அறிவியலில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. நீங்கள்தான் பதில் சொன்னீர்கள், இரண்டு கையையும் அகல விரித்து: "அங்கேருந்து கெளம்பற வண்டி ரொம்ப தூரம் போவணுமே, அதான்."

அவள் தேறினாள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். தேர்வு முடிவு வந்த அன்று உங்கள் நடத்துநர் வீடு தேடி வந்து முறையிட்டார்: "டீச்சர், ஒவ்வொரு ஸ்டாப்புலயும் தலைய வெளிய நீட்டி எம்பொண்ணு பாஸு எம்பொண்ணு பாஸுன்னு சொல்லிட்டே வராரு. வண்டி லேட்டாவுது. நீங்களாவது சொல்லுங்க." வண்டி தாமதமாகட்டும் என்றிருந்தது எனக்கு.

அவளுடைய கடலூர்த் தோழிகள் அந்தப் பாட வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களிடமிருந்து வேறு ஊர்ப் பிள்ளைகள் வாங்கினார்கள். விட்டுப்போன பாடங்களையும் அடுத்தடுத்த விடுமுறைகளில் முடித்தோம். அந்தப் பெட்டி அதற்குப் பிறகு ஒரு முறைகூடப் பாதியில் நிற்கவில்லை. யாழினி பட்டம் வாங்கிய படத்தில் நீங்கள் காக்கியோடு நிற்கிறீர்கள். அதற்கடுத்த வருடம் டூட்டியிலிருந்து வந்து நெஞ்சு அடைக்கிறது என்றீர்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டீர்கள். அன்றிலிருந்து அந்த வீடியோக்களில் ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. முடியவில்லை, மாமா.

யாழினி இப்போது கடலூரில் தான் படித்த அதே பள்ளியில் ஆசிரியை. பள்ளியும் வளர்ந்து இப்போது பத்தாவது வரை இருக்கிறது. "ஒரு நாள் வந்து என் வகுப்பைப் பாரும்மா" என்று வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்று மதியம் பஸ் ஏறிப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள். திரையில் நீங்கள் வந்தீர்கள். நம் வீட்டுச் சுவர், காக்கிச் சட்டை, அந்தப் புருவம். கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் வகுப்பு முழுவதும் உங்கள் கைகளோடு சேர்ந்து முப்பது நாற்பது கைகள் அசைவதைப் பார்த்ததும் மூட முடியவில்லை. நம் பெண் நடுநடுவே உங்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள். பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். ஒரு பையன் சொன்ன பதிலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் விடாமல், எதற்கென்று தெரிந்தே சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்தாள். திரையைக் காட்டினாள். மீசையை முறுக்குவதுபோல் செய்து, உடனே ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். அதுதான் இந்தப் பிள்ளைகள் உங்களுக்கு வைத்திருக்கும் பெயர் என்று யாழினி சொன்னாள். இதுவரை எனக்குத் தெரியாது. ஊர் ஊராக இந்தப் பெயரால்தான் உங்களைச் சொல்கிறார்களாம்.

அந்தப் பெண் மறுபடி உங்கள் பெயரைச் சொல்லி, என்னை விரலால் சுட்டி, புருவத்தை உயர்த்தினாள். அவர் உங்களுக்கு யார்?

சைகை பேசும்போது என் முகம் தூங்கும் என்று யாழினி சொல்வாளே. இன்று தூங்கவில்லை, மாமா. உங்கள் பெயரை என் கையால் முதல் முறையாகச் சொன்னேன். மீசை, ஸ்டீயரிங். பிறகு உள்ளங்கையை விரித்து என் நெஞ்சின் மேல் வைத்தேன்.

என்னுடையவர்.